பழைய வாகனத்தில் குரூஸ் கொன்ரோல் வேலை செய்யாதபோது: அறிகுறி வழியே பிழை தேடும் முறை

யாழ்ப்பாணத்தில் இன்றும் ஓடுகின்ற 1990களின் லாண்ட் குரூசர், பிராடோ, பஜேரோ போன்ற வாகனங்களில் குரூஸ் கொன்ரோல், அதாவது அக்சிலரேற்றரை மிதிக்காமலே வாகனத்தை ஒரே வேகத்தில் ஓடவைக்கும் ஏற்பாடு, செத்துப்போய்க் கிடப்பதைப் பலர் ஆண்டுக்கணக்கில் கவனிப்பதே இல்லை. ஊருக்குள் அதற்கு வேலை கிடையாது. ஏ9 வீதியால் கொழும்புக்குப் புறப்படும்போதோ, நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து உறவினர் வந்து கொட்டகையில் நின்ற வாகனத்தை வெளியே எடுக்கும்போதோதான் பிழை தெரியவருகிறது. அப்போது அவசரத்தில் கிடைக்கும் முதல் தீர்ப்பு பெரும்பாலும் குரூஸை இயக்கும் இலத்திரனியல் கட்டுப்பாட்டுப் பெட்டியின் மேல்தான் விழுகிறது. நான் பார்த்த வாகனங்களில் பெட்டி உண்மையாகவே பழுதடைந்திருந்தவை மிகச் சிலவே. மற்றவற்றில் குற்றம் பிரேக் பெடலைச் சுற்றியுள்ள ஒரு சாண் இடத்திலோ, எஞ்சினுக்கு மேலே கிடக்கும் ஒரு றப்பர்க் குழாயிலோ இருந்தது. ஆகவே கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத சோதனையை முதலிலும் பணம் கேட்கும் சோதனையைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். அந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

தொடங்குமுன்

இந்த வழிமுறை அக்சிலரேற்றர் கேபிள் உள்ள வாகனங்களுக்கே பொருந்தும். பொனெற்றைத் திறந்து, பெடலிலிருந்து வரும் கேபிள் பெற்றோல் எஞ்சினில் காற்றை அளந்துவிடும் திரொட்டிலிலும் டீசல் எஞ்சினில் எரிபொருள் பம்பின் கையிலும் கொளுவியிருப்பதைப் பாருங்கள். அதன் பக்கத்தில் இரண்டாவது கேபிள் ஒன்று ஒரு வட்டமான டப்பாவுக்கோ சிறிய கறுப்புப் பெட்டிக்கோ போகும். அதுதான் அக்சுவேற்றர், அதாவது உங்கள் காலுக்குப் பதிலாக அக்சிலரேற்றரை இழுக்கும் பொறி. அதில் றப்பர்க் குழாய் பொருத்தியிருந்தால் அது வக்கியூம் வகை, அதாவது காற்று உறிஞ்சலால் இழுப்பது. வயர் மட்டும் போனால் மோட்டர் வகை. இந்த வேறுபாட்டை முதலிலேயே அறிந்துகொண்டால் பாதி அலைச்சல் குறையும்.

ஒரு மல்ரிமீற்றர், ஒரு ரோச், பின்னால் நின்று பிரேக் லைற்றைப் பார்த்துச் சொல்ல ஒருவர், வாகனத்தின் கைநூல் ஆகியவை போதும். சில்லைத் தூக்கிவைத்து எஞ்சினை ஓடவிட்டுக் குரூஸைச் சோதிக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அதை ஒருபோதும் செய்யாதீர்கள். தூக்கியில் நிற்கும் வாகனத்தில் பொறி தன்பாட்டில் வேகத்தை ஏற்றினால் பிடித்து நிறுத்த எவராலும் முடியாது.

அறிகுறி: பிரேக் மிதித்தும் குரூஸ் விடவில்லை, அல்லது வேகம் தானாக ஏறுகிறது

அரிதாக வரும் பிழை என்றாலும் உயிருக்கு ஆபத்தானது இது ஒன்றே என்பதால் முதலில் சொல்கிறேன். ஓட்டத்தில் நேர்ந்தால் பிரேக்கை விட்டு விட்டுப் பலமுறை மிதிக்காமல், ஒரே அழுத்தாகப் பலமாக மிதியுங்கள். கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். குரூஸின் முதன்மைச் சுவிச்சை அணையுங்கள். எஞ்சின் இரைந்தாலும் பரவாயில்லை, வாகனம் ஓரமாக நின்ற பிறகே சாவியைத் திருப்புங்கள். ஓட்டத்திலேயே சாவியை முழுதாகத் திருப்பி எடுத்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

வீட்டுக்கு வந்ததும், எஞ்சின் நிறுத்திய நிலையில், அக்சிலரேற்றர் பெடலைக் கையால் அழுத்திச் சட்டென விடுங்கள். உடனே மேலே வராவிட்டால் முதலில் கால்விரிப்பு பெடலுக்கு அடியில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அது சரியானால், குரூஸ் கேபிளைத் திரொட்டிலில் இருந்து கழற்றிவிட்டு மறுபடியும் அழுத்திப் பாருங்கள். இப்போது இலேசாகத் திரும்பி வந்தால் குற்றம் குரூஸ் கேபிளிலோ அக்சுவேற்றரிலோ இருக்கிறது. அப்போதும் இறுகினால் அக்சிலரேற்றர் கேபிளே உள்ளே பிரிந்து துருப்பிடித்திருக்கிறது, அல்லது திரொட்டில் அழுக்கால் ஒட்டுகிறது. கடலேரி சூழ்ந்த நம் குடாநாட்டில், பண்ணைப் பாலத்தாலும் காரைநகர்ப் பாலத்தாலும் தினமும் போய்வரும் வாகனங்களில், உறையின் வாயில் உப்பு ஏறிய கேபிளை நான் அடிக்கடி கண்டிருக்கிறேன்.

கேபிளை மாற்றுவதை வீட்டில் செய்யலாம். மற்ற எதுவானாலும், அக்சுவேற்றரின் வயர்ச் செருகியைக் கழற்றிக் கட்டிவைத்துவிட்டு, குரூஸ் இல்லாமல் ஓட்டிச் சென்று தொழில் தெரிந்தவரிடம் ஒப்படையுங்கள். பியூஸைக் கழற்றுவதை விட இது பாதுகாப்பானது, ஏனெனில் அந்தப் பியூஸில் வேறு மின்சுற்றுகளும் சேர்ந்திருக்கக்கூடும்.

அறிகுறி: முதன்மைச் சுவிச்சை அழுத்தினால் டாஷ்போர்ட் விளக்கே எரியவில்லை

முதலில் பியூஸ். மூடியின் உட்புறத்தில் உள்ள படத்தைப் பார்த்து உரிய பியூஸை இழுத்தெடுத்து, கண்ணால் மட்டும் பாராமல் மீற்றரால் சோதியுங்கள். மயிரிழை வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது. எரிந்திருந்தால் அதே அம்பியரில் புதியதைப் போடுங்கள். மறுபடியும் எரிந்தால் அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். 10 அம்பியர் நிற்காத இடத்தில் 20 போடுவது வாகனத்தைக் கொளுத்தும் வேலை. இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை: குரூஸைத் துண்டிக்கும் ஒரு சிறிய சுவிச்சுக்குள் பிரேக் எண்ணெய் கசிந்து, நிறுத்தி வைத்திருந்த வாகனங்கள்கூடத் தீப்பற்றியதால், ஃபோர்ட் நிறுவனம் 1999 முதல் 2009 வரை பல கட்டங்களாக 1 கோடி 40 இலட்சம் அளவிலான வாகனங்களைத் திருத்தத்துக்காகத் திரும்ப அழைத்தது. அந்தச் சுவிச் பிரேக் எண்ணெயை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டருடன் பொருந்தியிருப்பது. உங்கள் வாகனத்திலும் அவ்விடத்தில் வயர் பூட்டிய ஒரு சுவிச் இருந்தால், அதன் செருகியைக் கழற்றி ஈரம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பியூஸ் நன்றாக இருந்தால், ஹோர்னை அடித்துப் பாருங்கள். குரூஸ் பொத்தான்கள் ஸ்டியரிங் வளையத்திலேயே உள்ள வாகனங்களில் ஹோர்னும் எயார்பாக்கும் அந்தப் பொத்தான்களும், வளையத்துக்குப் பின்னால் சுருண்டிருக்கும் ஒரே தட்டை வயர் வழியாகவே வருகின்றன. ஹோர்னும் ஒலிக்கவில்லை, எயார்பாக் விளக்கும் அணையாமல் எரிகிறது என்றால் அந்தச் சுருள் அறுந்திருக்கிறது. எயார்பாக் இருக்கும் ஸ்டியரிங்கை நீங்கள் கழற்ற வேண்டாம். ஓட்டோ எலெக்ட்ரீசியனிடம் கொடுங்கள். அவரும் பற்றரியின் மைனஸைக் கழற்றிக் குறைந்தது 90 வினாடி பொறுத்த பின்னரே கைவைக்க வேண்டும். அப்படிப் பொறுக்காதவரிடம் வாகனத்தை விடாதீர்கள்.

ஹோர்ன் ஒலிக்கிறது, பியூஸும் சரி என்றால் மிச்சம் இருப்பவை முதன்மைச் சுவிச்சும் டாஷ்போர்ட்டின் சிறிய பல்ப்பும்தான். பல்ப் மட்டும் எரிந்துபோய், குரூஸ் நன்றாக வேலை செய்த வாகனமும் உண்டு என்பதால் ஒருமுறை ஓடிப் பார்த்துவிட்டுக் கழற்றுங்கள்.

அறிகுறி: விளக்கு எரிகிறது, ஆனால் செற் (வேகத்தைப் பிடிக்கும் சுவிச்) அழுத்தினால் வேகம் பிடிக்கவில்லை

பத்தில் எட்டுப் பேர் கொண்டுவருவது இந்தப் பிழையைத்தான். இதில் அவசரப்படாமல் நடக்க வேண்டும்.

வேகத்தை முதலில் உறுதிப்படுத்துங்கள். பெரும்பாலான ஜப்பானிய வாகனங்களில் சுமார் 40 கிலோமீற்றர் வேகத்துக்குக் கீழ் குரூஸ் பிடிக்காது. நாவற்குழிக்கும் கைதடிக்கும் இடையில் 35இல் போய்க்கொண்டு அழுத்திப் பார்த்துவிட்டுப் பழுது என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள். ஓட்டோ கியரானால் அது டியில் இருக்க வேண்டும்.

அடுத்தது பிரேக் லைற். வாகனத்தை நிறுத்தி, ஒருவரைப் பின்னால் நிற்கவைத்து, பிரேக்கை மிதித்தும் விட்டும் பாருங்கள். இதில் மூன்று கிளைகள் உண்டு.

மிதித்தால் எரியவில்லை எனில்: பல்ப்களையும் பிரேக் லைற் பியூஸையும் பாருங்கள். பல வாகனங்களில் கட்டுப்பாட்டுப் பெட்டி, எரியாத பிரேக் பல்ப்பின் இழை வழியாகவே நிலத் தொடர்பை (எர்த்) உணர்கிறது. எல்லாப் பல்ப்களும் எரிந்துபோனால், பிரேக் மிதிபட்டிருக்கிறது என்றோ சுற்று அறுந்துவிட்டது என்றோ எண்ணிப் பெட்டி வேலை செய்ய மறுக்கும். எல்ஈடி பல்ப் மாற்றியவர்களுக்கும் இதே கதிதான், ஏனெனில் எல்ஈடியில் பழைய இழைக்கு உள்ள குறைந்த தடை இல்லை. அண்மையில் எல்ஈடி போட்டிருந்தால், பழைய வகைப் பல்ப்பைத் திரும்பப் போட்டு ஒருமுறை ஓடிப் பாருங்கள். செலவு மிகக் குறைந்த திருத்தம் இது.

விட்ட பிறகும் எரிந்துகொண்டே இருக்கிறது எனில்: பிரேக் பெடலின் மேற்பகுதியில் உள்ள சுவிச்சை ரோச் அடித்துப் பாருங்கள். கொடிகாமத்தில் ஒருவர் தமது பழைய ஜீப்பை எனக்குக் காட்டினார். "அண்ணை, பெட்டி போட்டுதாம், கொழும்பில இருந்துதான் எடுக்கவேணுமாம்" என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்தார். கால்விரிப்பில், பெடலுக்கு நேர் கீழே, கற்கண்டுத் தூள் போல இள நீல நிறத்தில் நாலைந்து பிளாஸ்ரிக் துணுக்குகள் கிடந்தன. நான் வேறு எதையும் பார்க்கும் முன்னரே விடை கிடைத்துவிட்டது. பெடலின் இரும்புக் கையில் ஒரு துளை இருக்கும். அந்தத் துளையை அடைக்கும் சிறிய பிளாஸ்ரிக் அல்லது றப்பர்க் குமிழ்தான் சுவிச்சின் முனையை அழுத்திப் பிடிக்கிறது. இருபது முப்பது வருட வெயிலில் அது உளுத்துப் பொடியாகும். பொடிந்தால் சுவிச்சின் முனை துளைக்குள் புகுந்துவிடும், பிரேக் மிதிபட்டதாகவே வாகனம் எண்ணிக்கொண்டிருக்கும். அவருடைய ஜீப்பின் பின்விளக்கு வெயிலில் எரிந்துகொண்டிருந்ததை எவரும் காணவில்லை. பற்றரி இறங்குகிறது என்று புதிய பற்றரி வேறு வாங்கியிருந்தார். தட்டையான தலையுள்ள ஒரு சிறிய போல்ற்றைத் துளைக்குள் விட்டுப் பின்னால் நட் பூட்டினேன். பிரேக் லைற் அணைந்தது, அன்று மாலையே குரூஸ் பிடித்தது. பிறகு உரிய குமிழைத் தேடி வாங்கிப் போட்டுக்கொண்டார். போல்ற்றைத் தற்காலிகமாகவே வையுங்கள், அது கழன்று பெடலுக்கு அடியில் சிக்கக்கூடாது.

மிதித்தால் எரிந்து, விட்டால் அணைகிறது எனில்: சுவிச்சின் மறு பாதியைச் சந்தேகியுங்கள். இந்தச் சுவிச்சுக்குள் பெரும்பாலும் இரண்டு தொடுப்புகள் இருக்கின்றன. ஒன்று மிதித்தால் மூடி லைற்றை எரிக்கும். மற்றது மிதித்தால் திறந்து குரூஸைத் துண்டிக்கும். லைற் சரியாக எரிவதால் சுவிச் நல்லது என்று எவரேனும் சொன்னால் நம்பிவிட வேண்டாம். நான்கு வயர் உள்ள செருகியைக் கழற்றி, மீற்றரைத் தொடர்ச்சிச் சோதனையில் வைத்துப் பாருங்கள்: பெடல் மேலே இருக்கையில் ஒரு சோடி முனைகள் இணைந்தும், மிதிக்கையில் அதே சோடி அறுந்தும் இருக்க வேண்டும். மனுவல் கியர் வாகனமானால் கிளச் பெடலிலும் இத்தகைய சுவிச் ஒன்று உண்டு. அதையும் அதன் குமிழையும் அவ்வாறே பாருங்கள்.

பெடல் பக்கம் முழுதும் சரியானால் வேகமானி முள்ளைக் கவனியுங்கள். முள் அசையவில்லை அல்லது துடிக்கிறது என்றால் பெட்டிக்கு வேகம் தெரியவில்லை. பழைய வாகனங்களில் கியர்பொக்ஸில் இருந்து வரும் சுழல் கேபிள் மீற்றருக்குப் பின்னால் ஒரு சிறிய காந்தச் சுவிச்சை இயக்கி, அதன் மூலமே பெட்டிக்கு வேகத்தை அறிவிக்கிறது. முள் ஒழுங்காக நடந்தாலும் அந்தச் சுவிச் மட்டும் செத்திருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். டாஷ்போர்ட்டைக் கழற்றத் தயக்கமானால் இங்கிருந்து எலெக்ட்ரீசியனிடம் விடலாம்.

பின்னர் செற் சுவிச். 1990களின் பல ரொயோட்டாக்களில், குரூஸ் நெம்பை அசைக்கும்போது ஒரே வயரில் வெவ்வேறு தடை காட்டும்: செற் சுமார் 200 ஓம், ரெசூம் (முந்தைய வேகத்துக்குத் திரும்புவது) சுமார் 70 ஓம், கான்சல் (விடுவிப்பது) சுமார் 420 ஓம். இவற்றில் ஒன்று தாறுமாறாக ஆடினால் நெம்பின் உள்ளே தொடுப்பு கறுத்திருக்கிறது. தொடுப்புத் துப்புரவாக்கும் ஸ்பிரே அடித்து நாற்பது ஐம்பது முறை அசைத்தால் சில உயிர்பெறும்.

வக்கியூம் வகையானால் கடைசியாகக் குழாய்கள். உண்மையில் எனக்கு இவற்றை இன்னும் முன்னால் வைக்கத் தோன்றுகிறது, ஏனெனில் கொட்டகையில் மாதக்கணக்கில் நின்ற வாகனத்தில் எலியும் அணிலும் முதலில் கடிப்பது இவற்றைத்தான். விரலால் மடித்துப் பார்க்கையில் வெடிப்புத் தெரிகின்ற குழாயை அதே உள்விட்டத்தில் மாற்றுங்கள். வக்கியூமுக்கு உரிய தடித்த குழாயையே கேட்டு வாங்குங்கள். மெல்லிய குழாய் உறிஞ்சலில் சப்பிப்போகும். டப்பாவைச் சோதிக்க, அதன் குழாயைக் கழற்றி, உள்ளிருக்கும் சவ்வைக் கேபிள் பக்கமிருந்து உள்ளே தள்ளிப் பிடித்து, குழாய் வாயை விரலால் அடைத்துவிட்டுச் சவ்வை விடுங்கள். அங்கேயே நின்றால் டப்பா நல்லது. மெதுவாக வெளியே வந்தால் சவ்வு கிழிந்திருக்கிறது. டீசல் வாகனத்தில் குரூஸ் பிடிக்காததோடு பிரேக் பெடலும் வழக்கத்தை விடக் கடினமாக இருந்தால், குரூஸை மறந்துவிட்டு அன்றே வக்கியூம் பம்பைக் காட்டுங்கள். பிரேக்குக்கு உதவுவதும் அதே பம்பின் உறிஞ்சல்தான்.

அறிகுறி: பிடிக்கிறது, சிறிது தூரத்தில் தானாக விட்டுவிடுகிறது

எப்போது விடுகிறது என்பதை உதவியாளர் குறித்துவைக்க வேண்டும். குலுக்கத்தில் விட்டால் பிரேக் சுவிச் விளிம்பில் நிற்கிறது. சுவிச்சின் நட்டைத் தளர்த்தி, அதன் உடலுக்கும் பெடலுக்கும் இடையே ஒரு மில்லிமீற்றரை ஒட்டிய இடைவெளி வருமாறு நெருக்கி இறுக்குங்கள். அளவுக்கு மீறி நெருக்கினால் பெடல் முழுதாக மேலே வராமல் பிரேக் உரசும். இறுக்கிய பிறகு இருபது நிமிடம் ஓடிச் சில்லுச் சூட்டைக் கையால் பார்ப்பது நல்லது.

மழையில் மட்டும் விட்டால் செருகிகளைத் திறந்து பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். கார்த்திகை மழையில் வரும் இப்பிழை தைமாத வெயிலில் மறைந்துவிடுவதால், திருத்தாமலே திருந்திவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள்.

ஏற்றத்தில் மட்டும் விட்டால், நிச்சயித்த வேகத்தை விட ஏறக்குறைய 16 கிலோமீற்றர் குறைந்ததும் பெட்டி தானாகவே துண்டித்திருக்கலாம். அது பிழை அல்ல, காவல் ஏற்பாடு. நம் தட்டை நிலத்தில் இதை எவரும் காண்பதில்லை. தம்புள்ளை கடந்து மாத்தளைப் பக்கம் ஏறும்போதுதான் தெரியும். சமநிலத்திலும் அப்படி வேகம் இறங்குமானால் வக்கியூம் கசிவையும் கேபிள் தளர்வையும் தேடுங்கள்.

விடும்போது குரூஸ் விளக்கு சிமிட்டினால் பெட்டி பிழையைக் குறித்துவைத்திருக்கிறது. 1990களின் பல ரொயோட்டாக்களில் சோதனைச் செருகியின் ரீசீ (TC), ஈ1 (E1) என்ற துளைகளை ஒரு வயர்த் துண்டால் இணைத்து, சிமிட்டல்களை எண்ணி இலக்கத்தைப் படிக்கலாம். 21 வந்தால் வேக உணரி. 23 வந்தால் மேலே சொன்ன வேக வீழ்ச்சி. தவறான துளைகளை இணைத்தால் பெரிய செலவு வரும் என்பதால், மூடியில் உள்ள எழுத்துகள் தெளிவாகத் தெரியாவிட்டால் இதைத் தொடாதீர்கள்.

அறிகுறி: வேகம் ஊஞ்சல் போல ஏறி இறங்குகிறது

குரூஸை அணைத்துவிட்டு, காலை அசைக்காமல் 60இல் ஓடுங்கள். அப்போதும் துள்ளினால் குற்றம் எஞ்சினில்; குரூஸில் தேட வேண்டாம். குரூஸில் மட்டும் துள்ளினால் அதன் கேபிளைப் பிடித்துப் பாருங்கள். சில மில்லிமீற்றர் தொய்வு இருக்க வேண்டும். அதற்கு மேல் தொங்கினால் பொறி முதலில் தொய்வை இழுத்து, பிறகு திடீரென அதிகமாக இழுக்கும். கேபிளின் நட்டைத் திருகி நெருக்குங்கள், ஆனால் சும்மா நிற்கும் எஞ்சினின் வேகம் ஏறாத அளவில் நிறுத்துங்கள். அதன் பின்னும் ஆடினால் வேகமானி முள்ளைப் பாருங்கள். முள் நடுங்கினால் சுழல் கேபிள் வறண்டிருக்கிறது.

பெட்டி என்று எப்போது முடிவு செய்வது

மேலே உள்ள எல்லாம் சரியாகி, பெட்டியின் செருகியில் மின்னும் நிலமும் பிரேக் சமிக்ஞையும் வேகச் சமிக்ஞையும் வந்து சேர்வதை எலெக்ட்ரீசியன் மீற்றரால் காட்டிய பிறகே பெட்டிக்குப் பணம் கொடுங்கள். காட்டாமல் சொல்பவரிடம் காட்டும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பழைய பெட்டிகளில் பற்றாசு (சோல்டர்) வெடித்திருப்பது வழமை என்பதால், இலத்திரனியல் திருத்துநர் ஒருவரிடம் மறுபற்றாசு வைக்கக் கொடுத்துப் பார்ப்பது முதல் படி. பாவித்த பெட்டி வாங்குவதானால், யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியிலோ கொழும்புப் பஞ்சிகாவத்தையிலோ கேட்கும்போது வாகனத்தின் பெயரைச் சொல்வதோடு நிற்காமல், கழற்றிய பெட்டியைக் கையில் கொண்டுபோய் அதிலுள்ள இலக்கத்தை ஒன்றுவிடாமல் ஒப்பிடுங்கள். செருகி பொருந்துகிறது என்பதற்காகப் பெட்டி பொருந்தும் என்றில்லை.

திருத்தம் முடிந்ததும் சோதனை ஓட்டம் ஒன்று கட்டாயம். கிளிநொச்சிக்கும் மாங்குளத்துக்கும் இடையில் நேரான வீதி கிடைக்கும். மாடுகள் வீதிக்கு வராத, வாகன நெரிசல் இல்லாத பகல் நேரத்தைத் தெரிந்து, அங்கே 70 என்ற எல்லைக்குள், 60இல் பிடியுங்கள். முதலில் பிரேக்கை மெல்லத் தொட்டும், அடுத்து கான்சல் சுவிச்சாலும், மூன்றாவதாக முதன்மைச் சுவிச்சை அணைத்தும் விடுவித்துப் பாருங்கள்; கிளச் உள்ள வாகனமானால் அதையும் சேருங்கள். இவற்றில் ஒன்று ஒரேயொரு முறை தவறினாலும், அவ்விடத்திலேயே நிறுத்தி அக்சுவேற்றரின் செருகியைக் கழற்றிவிட்டு வீடு திரும்புங்கள்.